வாத்தியார் ஏன் எங்க பாஷை பேசல?

எங்கள் வீட்டில் மூன்று கட்சிகள். ஆயா எம்.ஜி.ஆர். கட்சி. நைனா ரஜினி கட்சி. நான் சந்திரபாபு கட்சி. ஆயா காசிமேட்டில் மீன் எடுத்துக் கூடையில் சுமந்து தெருத்தெருவாக விற்றவர். நைனா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். மூன்று கட்சிகளும் கூடும் பொதுக்குழு தண்டையார்பேட்டை அகஸ்தியா தியேட்டரில் நடக்கும். 2020இல் அந்தத் தியேட்டரை மூடியபோது, எங்கள் தெருவில் பாதிப் பேர் துக்க வீட்டுக்குப் போவதுபோல் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள்.

நான் சினிமா ஆய்வாளன் இல்லை. வெறும் ரசிகன். ஆனால் ஒரு கேள்வி ரொம்ப நாளாக மனதில் கிடக்கிறது. கல்லூரி முடித்து முதல் நேர்காணலுக்குப் போனேன். நான் வாய் திறந்து இரண்டு வாக்கியம் பேசியதும், எதிரில் இருந்தவர் சிரித்தபடி, “ராயபுரமா, திருவொற்றியூரா?” என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் பக்கத்தில் இருந்தவர் ஒரு சினிமா காமெடியனைப்போல என் பேச்சை இழுத்துப் பேசிக் காட்டினார். வேலை கிடைக்கவில்லை. அது போகட்டும். என் பேச்சு அவர்களுக்கு ஏன் உடனே ஒரு காமெடிக் காட்சியாகத் தெரிந்தது? அதை யார் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது?

பழைய படங்களைத் திரும்பப் பார்க்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

‘படகோட்டி’யில் (1964) எம்.ஜி.ஆர். மீனவர். ‘ரிக்‌ஷாக்காரன்’ (1971) படத்தில் ரிக்‌ஷா தொழிலாளி. அதற்காகத் தேசிய விருதும் வாங்கினார். எங்கள் தொழில், எங்கள் உடுப்பு, எங்கள் கோபம் எல்லாம் அவரிடம் இருந்தது. எங்கள் பேச்சு மட்டும் இல்லை. வாத்தியார் பேசியது சுத்தத் தமிழ். அதே காலத்துப் படங்களில் மெட்ராஸ் பாஷை யாரிடம் போனது? காமெடியனிடமும் வேலைக்காரியிடமும் அடியாளிடமும்தான். ‘காசேதான் கடவுளடா’ (1972) படத்தில் தேங்காய் சீனிவாசன் போலிச் சாமியாராக வந்து அந்தப் பாஷையில் வெளுத்துக்கட்டுவார். நானும் விழுந்து விழுந்து சிரித்தவன்தான். ஆனால் நியாயம் கேட்கும் இடத்தில் ஒரு மொழி, சிரிப்பு மூட்டும் இடத்தில் இன்னொரு மொழி என்று ஐம்பது ஆண்டுகள் பார்த்துப் பழகிய ஒரு சமூகம், நேர்காணல் மேசையில் என்னைப் பார்த்து வேறு என்ன செய்யும்?

ஆயாவிடமே கேட்டேன். “ஆயா, உன் வாத்தியார் ஏன் நம்ம மாதிரி பேசல?” ஆயா வெற்றிலையை மென்றுகொண்டே சொன்னார்: “நம்மள மாதிரி பேசுனா, அப்பறம் அவரையும் நம்மள மாதிரிதான நடத்துவானுங்கோ?”

எம்.எஸ்.எஸ். பாண்டியன் எம்.ஜி.ஆர். பிம்பத்தைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். அவர் மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் ஏழைகள் பிம்பத்தில் ஏமாந்தார்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிற தோழர்களிடம் ஆயாவின் இந்தப் பதிலைச் சொல்வேன். ஆயாவுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. தன் பேச்சோடு ஒருவர் மேலே போக முடியாது என்பதைத் தெரிந்துகொண்டுதான் அவர் கைதட்டினார்.

மொழிக்கு நடந்தது பிறப்புக்கும் நடந்தது. ‘மதுரை வீரன்’ (1956) எம்.ஜி.ஆரின் மாபெரும் வெற்றிப் படம். யோகானந்த் இயக்கம், கண்ணதாசன் வசனம். அருந்ததியர் மக்கள் தங்கள் முன்னோராகக் கொண்டாடும் வீரன் அவன். படத்திலோ அவன் காசி அரசனின் பிள்ளை. குழந்தையால் நாட்டுக்கு ஆபத்து என்று காட்டில் விடுகிறார்கள். என்.எஸ்.கிருஷ்ணனும் டி.ஏ.மதுரமும் நடித்த சக்கிலியத் தம்பதி எடுத்து வளர்க்கிறார்கள். இந்த அரச பிறப்புக் கதை சினிமா கண்டுபிடித்ததல்ல. நாட்டார் கதைப்பாடலிலேயே இருக்கிறது. ஆனால் அதைக் கேள்வி கேட்காமல் எடுத்துக்கொண்டது சினிமா. சேரியில் வளரலாம், சேரியில் பிறக்கக் கூடாது. வீரம் என்றால் அரச ரத்தத்தில் இருந்துதான் வர வேண்டும். மாறுகால் மாறுகை வாங்கும்போது அழுத தியேட்டர், அவன் பிறப்பை மாற்றியதற்கு அழவில்லை.

நான் ஏன் சந்திரபாபு கட்சி என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவர் தூத்துக்குடிக் கடற்கரைக்காரர். ‘சபாஷ் மீனா’ (1958) படத்தில் அவருக்கு இரட்டை வேடம். அதில் ஒருவர் மெட்ராஸ் பாஷை பேசும் ரிக்‌ஷாக்காரர். படம் காமெடிப் படம்தான். ஆனால் அந்த ரிக்‌ஷாக்காரரைக் கவனித்துப் பாருங்கள். அந்தப் பேச்சை அவர் கிண்டல் செய்வதில்லை, அதில் வாழ்கிறார். கூட நடிப்பது சிவாஜி. ஆனாலும் என் கண் சந்திரபாபுவை விட்டு நகராது. சிவாஜி ரசிகர்கள் மன்னிக்கவும்.

இன்னொரு விதிவிலக்கு ஜெயகாந்தன். தன் ‘உன்னைப்போல் ஒருவன்’ கதையை அவரே 1965இல் படமாக இயக்கினார். சேரியில் வாழும் தங்கம், அவள் மகன் சிட்டி. சென்னைச் சேரியின் பேச்சிலேயே அவர்கள் அழுகிறார்கள், கோபப்படுகிறார்கள், தாய் மகன் என்று மல்லுக்கட்டுகிறார்கள். தேசிய விருதும் கிடைத்தது. அதாவது இது முடியாத காரியம் இல்லை என்று அப்போதே நிரூபித்தாகிவிட்டது. நட்சத்திர சினிமாதான் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

நைனாவுக்கு ‘தீ’ (1981) உயிர். இந்தி ‘தீவார்’ படத்தின் தமிழ் வடிவம். ரஜினி துறைமுகக் கூலியாக வருவார், மாமூல் கேட்கும் ரௌடிகளை அடிப்பார். அதுவரை நைனாவின் படம். அதன் பிறகு அவர் கடத்தல்காரராகிவிடுவார். தமிழ் சினிமாவுக்குத் துறைமுகம் என்றாலே கடத்தல். நைனாவுக்குத் துறைமுகம் என்றால் மூட்டை, ஷிஃப்ட், சங்கம், ராத்திரியில் தூங்கவிடாத முதுகுவலி. இந்த நகரத்தில்தான் 1923இல் சிங்காரவேலர் மே தினம் கொண்டாடினார். அவரும் மீனவச் சமூகத்தில் பிறந்தவர். அவரைப் பற்றி ஒரு நட்சத்திரப் படம் இருக்கிறதா, சொல்லுங்கள்.

2014இல் ‘மெட்ராஸ்’ வந்தபோது என்ன மாறியது என்று இப்போது புரியும். காளி ஐ.டி. வேலைக்குப் போகிறான், ‘தீண்டாத வசந்தம்’ படிக்கிறான், எங்களைப்போலவே பேசுகிறான். காதலையும் அரசியலையும் அந்தப் பேச்சிலேயே பேசுகிறான். அதற்காக அவன் எங்கேயும் வெட்கப்படுவதில்லை. ‘சார்பட்டா பரம்பரை’யில் (2021) கபிலன் துறைமுகக் கூலி. அவன் அம்மா பாக்கியம் அவனை பாக்ஸிங் பக்கம் போகவிடாமல் அடிப்பது ஏன்? குத்துச்சண்டைக்காரனான புருஷன் ரௌடியாகிச் செத்ததைப் பார்த்தவள் அவள். எங்கள் தெருவில் எல்லா அம்மாக்களுக்கும் இருக்கிற பயம் அது. அதைத் திரையில் பார்த்தபோது பக்கத்தில் இருந்த என் அம்மாவைத் திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

நம் பக்கமும் கொஞ்சம் பேச வேண்டும். இப்போது வட சென்னை என்றால் கத்தி என்றாகிவிட்டது. ‘வட சென்னை’ (2018) அடிப்படையில் நிலத்தைப் பற்றிய படம். சாலை வருகிறது என்று மீனவர்களை எழுப்பப் பார்ப்பதை ராஜன் எதிர்க்கிறான். அங்கேதான் கதையின் உயிர் இருக்கிறது. ஆனால் அதைப் பார்த்து வந்த படங்கள் நிலத்தை விட்டுவிட்டுக் கத்தியை மட்டும் எடுத்துக்கொண்டன. முன்பு நாங்கள் சிரிப்புக்கு, இப்போது ரத்தத்துக்கு. இதைக் கைதட்டி வரவேற்பதில் நம் இளைஞர்களும் இருக்கிறார்கள்.

“கஸ்மாலம்” என்று திட்டினால் முகம் சுளிக்கிறார்கள். அது சமஸ்கிருதச் சொல். கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில் கண்ணன் அர்ச்சுனனைப் பார்த்துக் கேட்கும் கேள்வியில் வருவது. கண்ணன் சொன்னால் தத்துவம், காசிமேட்டுக்காரி சொன்னால் கலீஜ். சொல்லில் அழுக்கு இல்லை, சொல்கிறவரின் சாதியைப் பார்த்துத்தான் அழுக்கு ஏறுகிறது.

பழைய படங்களைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. ஆயாவின் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள், பார்த்துக்கொண்டே கேள்வி கேளுங்கள். அவர்களிடம் நம் கட்டுரைகளைவிடக் கூர்மையான பதில்கள் இருக்கின்றன.

ஒரு ரசிகனாக ஒரு கோரிக்கையும் உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு எண்ணூர் கழிமுகத்தில் பரவியது. மீனவர்கள் வெறும் கையால் அதை அள்ளி வாளியில் ஊற்றினார்கள். அதே மாதம் நள்ளிரவில் அம்மோனியா கசிந்து, எண்ணூர் மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அதில் கத்தி இல்லை, கடத்தல் இல்லை. அந்தக் கழிமுகத்தில் இறால் பிடிக்கும் ஒரு பெண்ணைக் கதாநாயகியாக வைத்து யாராவது ஒரு படம் எடுங்கள். அவள் அதிகாரியின் மேசை முன்னால் நின்று “இன்னா சார் பதில்?” என்று கேட்க வேண்டும். அப்போது தியேட்டரில் ஒருவரும் சிரிக்கக் கூடாது.