ஒரு சிறு சிவப்பு விளக்கு! பல ஆயிரம் ரூபாய் செலவு! ஏன்?

கார் ஓடிக்கொண்டிருக்கிறது. டிரைவருக்கு எதிரே ஒரு சிறிய சிவப்பு விளக்கு எரிகிறது. பேட்டரி படம் போட்ட விளக்கு.

அதற்கு என்ன அர்த்தம்? பேட்டரிக்கு மின்சாரம் சரியாக ஏறவில்லை என்று அர்த்தம்.

பலர், பேட்டரி போய்விட்டது என்று நினைக்கிறார்கள். உடனே புதுப் பேட்டரி வாங்கி மாட்டுகிறார்கள். இரண்டொரு நாளில் கார் மறுபடியும் நின்றுவிடுகிறது! கோளாறு இருப்பது பேட்டரிக்கு மின்சாரம் ஊட்டும் ஆல்டர்னேட்டரில். அதை மாற்ற, சின்னக் காருக்கே பல ஆயிரம் ரூபாய் பில் வருகிறது. டாக்சி ஓட்டிப் பிழைக்கும் குடும்பத்துக்கு, கார் நிற்கும் நாட்களின் வருமானமும் போய்விடுகிறது.

இவ்வளவு பணம் எதற்கு?

டைனமோவின் தம்பி

பழைய கார்களில் டைனமோ இருந்தது. 1960-ம் ஆண்டில் அமெரிக்காவின் கிரைஸ்லர் கம்பெனி தன் கார்களில் ஆல்டர்னேட்டரை வைத்தது. பிறகு அது உலகம் முழுவதும் பரவியது. நம் ஊர்ப் பட்டறைகளில் இன்றும் பலர் அதை "டைனமோ" என்றுதான் சொல்கிறார்கள். பெயரில் என்ன இருக்கிறது?

என்ஜின் சுற்றும்போது ஒரு பெல்ட் சுற்றுகிறது. அந்த பெல்ட் ஆல்டர்னேட்டரைச் சுழற்றுகிறது. அதில் மின்சாரம் பிறக்கிறது. விளக்கு எரிவதும், ஹாரன் அடிப்பதும், பேட்டரி நிரம்புவதும் அந்த மின்சாரத்தால்தான்.

இது எங்கோ தூர தேசத்துச் சாமானும் அல்ல. சென்னை பாடியில் 1961-ல் ஏற்பட்ட லூகாஸ் டி.வி.எஸ். தொழிற்சாலை ஆல்டர்னேட்டர் செய்கிறது.

கெடுவது கொஞ்சம்; மாற்றுவது முழுசு!

ஆல்டர்னேட்டர் முழுவதும் ஒரே நாளில் கெட்டுவிடுவது அபூர்வம். உள்ளே "கார்பன் பிரஷ்" என்று இரண்டு கரித்துண்டுகள் இருக்கின்றன. விரல் நுனி அளவுதான். அவை உராய்ந்து உராய்ந்து தேய்ந்துபோகும். சில சமயம் பேரிங் தேயும். அப்போது "கொர்" என்று சத்தம் வரும். சில சமயம் டயோடு போகும். அல்லது, மின்சாரத்தை அளவோடு அனுப்பும் ரெகுலேட்டர் போகும்.

கரித்துண்டின் விலை சொற்பம். கார் எலக்ட்ரீஷியன் கடையில் ஆல்டர்னேட்டரைக் கழற்றி, தேய்ந்ததை மட்டும் மாற்றித் தருகிறார்கள். ஆனால் பெரிய ஒர்க்‌ஷாப்களில், "முழுசாக மாற்ற வேண்டும்" என்று சொல்லிவிடுகிறார்கள்.

அவர்கள் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. புதிதாகப் போட்டால் வேலை சீக்கிரம் முடியும். கியாரண்டி கொடுக்கலாம். உள்ளே செம்புக் கம்பிச் சுருள் எரிந்து போயிருந்தால், பழுது பார்ப்பதைவிடப் புதிது போடுவதே மேல். ஆனால் கரித்துண்டு தேய்ந்ததற்கு முழுக் கருவிக்கும் பணம் வாங்குவது என்ன நியாயம்?

ரூ.2,544 கோடி அபராதம்

இந்தச் சங்கடம் ஆல்டர்னேட்டரோடு நிற்கவில்லை. கார் சாமான்கள் எல்லாவற்றுக்கும் உண்டு. 2011-ல் இந்தியப் போட்டி ஆணையத்துக்கு ஒரு புகார் போயிற்று. "கார் கம்பெனிகள் அசல் சாமான்களை வெளிக் கடைகளில் கிடைக்க விடுவதில்லை" என்பது புகார்.

ஆணையம் விசாரித்தது. 2014 ஆகஸ்டு மாதம் தீர்ப்புக் கூறியது. 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் ரூ.2,544 கோடிக்கு மேல் அபராதம்!

தீர்ப்பில் இன்னொரு உத்தரவும் உண்டு. கார்ச் சொந்தக்காரர்கள் இதைத்தான் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டும். வெளிப் பட்டறையில் பழுது பார்த்தார் என்ற ஒரே காரணத்துக்காக, காரின் வாரண்டி முழுவதையும் ரத்து செய்யக்கூடாது. வெளியில் செய்த தவறான வேலையால் எது கெட்டதோ, அதற்கு மட்டுமே மறுக்கலாம்.

கம்பெனிகள் அப்பீல் செய்தன. 2016-ல் அப்பீல் மன்றம் மூன்று கம்பெனிகளின் அபராதத்தைக் குறைத்தது. ஆனால் அவர்கள் செய்தது சரி என்று சொல்லவில்லை.

2022 டிசம்பரில் மத்திய அரசு "பழுது பார்க்கும் உரிமை" என்று ஓர் இணையதளத்தைத் தொடங்கியது. கார், மோட்டார் சைக்கிள் கம்பெனிகளும் அதில் அடக்கம். ஆனாலும் ஒர்க்‌ஷாப் வாசலில் பில்லைப் பார்த்துத் திகைத்து நிற்கும் ஒருவருக்கு இவை எல்லாம் எங்கே தெரிகிறது?

வரி குறைந்தது

ஒரு நல்ல சேதியும் இருக்கிறது. ஆல்டர்னேட்டருக்கு முன்பு 28 சதவீத ஜி.எஸ்.டி. வரி இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் அது 18 சதவீதம். சாமான் விலை ரூ.10,000 என்றால், முன்பு வரியோடு ரூ.12,800. இப்போது ரூ.11,800. ஆயிரம் ரூபாய் மிச்சம்.

இன்சூரன்சு கொடுக்குமா? தேய்மானத்துக்கும், தானாக ஏற்படும் மின்சாரக் கோளாறுக்கும் சாதாரண பாலிசியில் பணம் கிடையாது.

முதலில் சோதனை

வோல்ட் மீட்டர் வைத்துப் பார்க்க இரண்டு நிமிஷம் போதும். என்ஜின் நின்றிருக்கும்போது நல்ல பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும். என்ஜின் ஓடும்போது, பெரும்பாலான கார்களில் 13.5 முதல் 14.5 வரை ஏற வேண்டும். ஏறாவிட்டால் மின்சாரம் வரவில்லை. அப்போதும் பெல்ட் தளர்ந்திருக்கிறதா, வயர் முனையில் பாசம் பிடித்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஆல்டர்னேட்டரைக் கழற்ற வேண்டும்.

என்ஜின் ஓடும்போதே பேட்டரி வயரைக் கழற்றிப் பார்ப்பது பழைய காலத்து வழக்கம். டைனமோ கார்களோடு அது போகட்டும்! இன்றைய கார்களில் அப்படிச் செய்தால், உள்ளே இருக்கும் கம்ப்யூட்டரே கெட்டுப்போகலாம். அதை மாற்றும் செலவு வேறு!

புதிது போட்டே ஆகவேண்டும் என்றால், கழற்றிய பழையதைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். அதற்குப் பதிலாக விலையில் தள்ளுபடி கேட்கலாம். உள்ளே இருப்பது செம்பு. பழைய சாமான் கடையில் அதற்கும் காசு உண்டு.