'ஸ்டீவ்' என்று ஒரு பெண்

ஸ்டெபானி ஷெர்லி, நாஜிகளிடமிருந்து தப்பி 1939-ல் 5 வயதில் பெற்றோரின்றி இங்கிலாந்து வந்த யூதக் குழந்தை. 1962-ல் 6 பவுண்டில் சாப்ட்வேர் கம்பெனி தொடங்கினார். 'ஸ்டீவ்' என ஆண் பெயரில் கையெழுத்திட்ட பிறகே கடிதங்களுக்குப் பதில் வந்தது (இது எத்தனை கேவலம்!). குழந்தை பெற்றபின் வேலையை விட்ட பெண்களையே தேடி எடுத்தார். வீட்டில் கம்ப்யூட்டர் ஏது? போன் இருந்தால் போதும். பேப்பரில் புரோகிராம் எழுதினர். கான்கார்ட் விமானக் கறுப்புப் பெட்டியின் புரோகிராமும் அப்படி எழுதியதுதான்.

இன்று லேப்டாப்பும் பிராட்பேண்டும் இருந்தும், ஆபீஸ் வந்தால்தான் வேலை என்பது வீண் பிடிவாதம் என்பேன். என் டீமின் சிறந்த புரோகிராமர் பிரசவத்துக்குப் பின் அதனால்தான் விலகினார். அவர் எழுதிய மாட்யூலைத் தொட இன்னும் எங்களுக்குப் பயம்.