கொல்லைப்புறச் சத்தம்

சுஜாதாவின் 'கொலையுதிர் காலம்' படித்திருக்கிறீர்களா, சகோதரிகளே? 1980-களில் குமுதத்தில் தொடராக வந்தது. பேய்தான் என்பான் வஸந்த். விஞ்ஞானத்தில் விடை தேடுவான் வக்கீல் கணேஷ்.

போன தீபத்துக்கு முன் ஒரு ராத்திரி. வீட்டுக்காரர் ஊரில் இல்லை. அத்தை முன்பே படுத்துவிட்டார். நான் அந்தப் புத்தகத்தில் மூழ்கியிருந்தேன். கொல்லையில் தொப்பென்று ஒரு சத்தம், பிறகு முனகல்! உடம்பெல்லாம் வெலவெலத்துப் போச்சு. "அருணாசலா!" என்று போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன்.

பத்து நிமிஷம் கழித்துத்தான் விளக்கைப் போட்டுப் பார்த்தேன். துணி துவைக்கிற கல்லருகே அத்தை வழுக்கி விழுந்து கிடந்தார். இடுப்பெலும்பு முறிவு.

"கூப்பிட்டேனே, காதில் விழலையாம்மா?" என்றார். பதில் சொல்ல எனக்கு வாய் வரலை.

இப்போது தேறி, கோல் ஊன்றி நடக்கிறார். கொல்லையில் விடிய விடிய விளக்கு எரிகிறது. மர்ம நாவலை நான் விடவில்லை. பகலில் அத்தைக்கே வாசித்துக் காட்டுகிறேன். ஆனால் சத்தம் கேட்டால் முதலில் எழுந்து போய்ப் பார்க்கிறேன். கணேஷும் அதைத்தானே செய்வான்?