துணிச்சல் இல்லையா, முதல் இல்லையா?

"வேலை தேடாதே, தொழில் தொடங்கு!" என்று கல்லூரிகளில் உபதேசம் நடக்கிறது. மில் தொழிலாளியின் மகனும் விவசாயக் கூலியின் மகளும் அதைக் கேட்கிறார்கள். கேட்டுவிட்டு, மாதச் சம்பள வேலைக்கே மனுப் போடுகிறார்கள். உடனே, "இவர்களுக்குத் துணிச்சல் போதாது" என்று தீர்ப்பு வந்துவிடுகிறது!

இதற்கு ஒரு மனோதத்துவ சாஸ்திரமும் உண்டு. அமெரிக்கப் பேராசிரியர் ஐசன் 1991ல் எழுதியது. ஒருவன் ஒரு காரியத்தில் இறங்க எண்ணுவதை மூன்று விஷயங்கள் தீர்மானிக்கின்றனவாம். அந்தக் காரியம் நல்லது என்று அவன் நினைக்கிறானா? வேண்டியவர்கள் என்ன சொல்வார்கள்? தன்னால் முடியும் என்று நம்புகிறானா? மாணவர்களிடம் கேள்வித்தாள் கொடுத்து இவற்றை அளக்கிறார்கள்.

அளக்கட்டும், நாம் ஆட்சேபிக்கவில்லை. ஆனால் "என்னால் முடியும்" என்ற நம்பிக்கை எங்கிருந்து வருகிறது? அப்பன் கடையில் கல்லாவருகே வளர்ந்தவனுக்கு அது தானாக வருகிறது. நஷ்டம் வந்தால் அவனுக்கு ஒரு வருஷம் வீண், அவ்வளவுதான். நம் வீட்டுப் பையனுக்கு நஷ்டம் வந்தால்? படிப்புக் கடன் கழுத்தை நெரிக்கும். அடகு வைத்த அம்மாவின் தோடு முழுகிப் போகும். தங்கையின் கல்யாணம் தள்ளிப் போகும். அவன் தயங்குவது மனக் கோளாறு அல்ல. கணக்குத் தெரிந்தவனின் தயக்கம்.

பிரிட்டனில் 1958 மார்ச் மாதம் ஒரே வாரத்தில் பிறந்த குழந்தைகளைப் பல்லாண்டு காலம் தொடர்ந்து ஆராய்ந்தார்கள். சிறு வயதில் மனப் பரீட்சையும் வைத்தார்கள். பிளாஞ்ச்பிளவர், ஆஸ்வால்டு என்ற இரு பொருளாதார நிபுணர்கள் அந்த விவரங்களை அலசி 1998ல் முடிவை வெளியிட்டார்கள். பரீட்சை மார்க்குக்கும் பின்னாளில் சொந்தத் தொழில் செய்வதற்கும் பெரிய சம்பந்தம் காணோம். பிதிரார்ஜித சொத்தோ அன்பளிப்போ கைக்கு வந்தவர்களே அதிகமாகத் தொழிலில் இறங்கியிருந்தார்கள். தொழில் தொடங்க விரும்பியவர்களை விசாரித்தபோதும், முதல் திரட்டுவதுதான் பெரிய தொல்லை என்றார்கள். (நம் டீக்கடையில் விசாரித்திருந்தால் ஒரு நாளில் வேலை முடிந்திருக்கும்!)

தமிழக சர்க்கார் 2012ல் படித்த இளைஞர்களுக்காக ஒரு தொழில் கடன் திட்டம் கொண்டுவந்தது. மானியம் உண்டு, நல்லதுதான். ஆனால் 10 லட்ச ரூபாய்த் தொழிலுக்குப் பொதுப் பிரிவினர் 1 லட்சமும், சலுகை பெறும் பிரிவினர் 50,000 ரூபாயும் கையிலிருந்து போடவேண்டும் என்று விதித்தது. கூலி வீட்டில் அந்த 50,000 எங்கே இருக்கிறது?

அந்தப் பங்கைச் சர்க்காரே போடட்டும். தொழில் காலூன்றும் வரை படிப்புக் கடன் தவணையை நிறுத்தி வைக்கட்டும். அதன் பிறகு கேள்வித்தாளோடு வரட்டும். நம் பிள்ளைகள் பதில் எழுதுவார்கள்.