எல்லா இழுப்பும் அலைன்மென்ட் கோளாறு அல்ல

கார் ஒரு பக்கமாக இழுத்தால் வீல் அலைன்மென்ட் போய்விட்டது, அதைச் சரிசெய்தால் இழுப்பு நின்றுவிடும் என்பது பரவலான நம்பிக்கை. ஸ்போர்ட்ஸ் கார்கள் விஷயத்தில் இது இன்னும் அழுத்தமாகச் சொல்லப்படுகிறது. 1989இல் அறிமுகமான மாஸ்டா எம்எக்ஸ்-5 வண்டியில் முன்சக்கரங்களின் கேம்பர் (சக்கரம் உள்ளோ வெளியோ சாயும் கோணம்), காஸ்டர் (ஸ்டீயரிங் அச்சு முன்பின்னாகச் சாயும் கோணம்), டோ (சக்கரத்தின் முன்முனை உள்ளோ வெளியோ திரும்பியிருக்கும் அளவு) மூன்றையும், பின்சக்கரங்களின் கேம்பர், டோ இரண்டையும் திருத்தலாம். திருத்த இத்தனை இடம் இருப்பதாலேயே கோளாறும் அங்கேதான் என்று முடிவு கட்டுவது தவறு.

அலைன்மென்ட் கடைகளில் பெரும்பாலும் கை வைப்பது முன்சக்கர டோவில்தான். ஆனால் அது வண்டியை இழுப்பதில்லை. இரு சக்கரங்களும் டை ராடுகள் வழியாக ஒரே ரேக்கில் பிணைந்திருப்பதால், நேராக ஓடும்போது டோ இரண்டுக்கும் சமமாகப் பங்கிடப்பட்டுவிடும். அது தப்பினால் ஸ்டீயரிங் கோணலாக நிற்கும், டயரின் ஓரம் தேயும், அவ்வளவுதான். ஸ்டீயரிங் கோணலாக நிற்பதும் வண்டி இழுப்பதும் வேறு வேறு. கைப்பிடியைத் தளர்த்தியதும் வண்டி தடம் விலகினால்தான் அது இழுப்பு.

சக்கரத்தின் மேற்பகுதி உள்நோக்கிச் சாய்ந்திருப்பதால்தான் ஸ்போர்ட்ஸ் கார் இழுக்கிறது என்றும் சொல்வதுண்டு. சாய்வு இருபுறமும் சமமாக இருந்தால் ஒரு பக்கத் தள்ளலை மறுபக்கத் தள்ளல் ஈடுகட்டிவிடும். இழுப்பைத் தருவது இடவல வித்தியாசம். உள்சாய்வு குறைந்த பக்கத்துக்கும், காஸ்டர் குறைந்த பக்கத்துக்கும் வண்டி போகும்.

அலைன்மென்ட் தாளில் எல்லா எண்ணும் பச்சையாக இருந்தால் வேலை முடிந்தது என்று நம்புவதுதான் அதிக ஏமாற்றத்தைத் தருகிறது. காஸ்டருக்கு 4 முதல் 6 டிகிரி வரை அனுமதி என்று வைத்துக்கொள்வோம். இடது 4.2, வலது 5.7 என்றால் இரண்டும் பச்சைதான். ஆனால் நடுவில் 1.5 டிகிரி வித்தியாசம் கிடக்கிறது. வண்டி இடப்பக்கம் இழுக்கும். தாளைக் கையில் வாங்கியதும் பார்க்க வேண்டியது நிறத்தை அல்ல, இடதுக்கும் வலதுக்கும் உள்ள இடைவெளியை.

அந்த இடைவெளியும் இல்லாமல் இழுத்தால் டயரைச் சந்தேகிக்க வேண்டும். காற்றழுத்தம் குறைந்த டயர் தன் பக்கம் இழுக்கும். அழுத்தம் சரியாக இருந்தும், உள்ளிருக்கும் பெல்ட் சற்றே ஒதுங்கி அமைந்துவிட்டால், படுக்கவைத்து உருட்டிய காகிதக் கோப்பை போல டயர் ஒரு பக்கம் வளைந்து ஓடப் பார்க்கும். எந்த அலைன்மென்ட் இயந்திரமும் இதைக் காட்டாது. முன்சக்கரங்களை இடம் வலம் மாற்றிப் போட்டு ஓட்டினால் போதும்: இழுப்பும் பக்கம் மாறினால் குற்றம் டயருடையது. ஒரே திசையில் சுழல வேண்டிய டயராக இருந்தால், காய்ந்த சாலையில் கொஞ்ச தூரம் மட்டும் இப்படி ஓட்டிவிட்டுத் திரும்ப மாற்றிவிட வேண்டும்.

பிரேக் பிடிக்கும்போது மட்டும் இழுத்தால் அலைன்மென்ட்டைத் தொடுவதற்கு முன் காலிபரைப் பார்க்க வேண்டும். அதன் பின்கள் துருப்பிடித்து இறுகினால் இருபுறமும் பிரேக் சமமாகப் பிடிக்காது, பேடும் பிரேக் தட்டை விட்டு முழுதாக விலகாது. அதிகம் பிரேக் பிடிக்காமல் ஓட்டி நிறுத்தியதும் ரிம்முக்கு அருகே கை கொண்டுபோனாலே ஒரு பக்கம் மட்டும் அனல் தெரியும். ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போதும் விடும்போதும் மட்டும் வண்டி விலகினால் பின்பக்க சஸ்பென்ஷன் புஷ்களில் தளர்ச்சி இருக்கலாம்.

சாலையையும் மறக்கக் கூடாது. மழைநீர் வடிய, சாலை நடுவிலிருந்து ஓரத்துக்குச் சுமார் 2 சதவீதம் சரிந்திருக்கும். இடப்பக்கம் ஓட்டும் ஜப்பானிலும் பிரிட்டனிலும் இந்தியாவிலும் எந்தக் குறையும் இல்லாத காரும் இடப்பக்கம் மெல்லச் சாயும். சமதளத்தில் ஓட்டிப் பார்க்காமல் காஸ்டரைத் திருப்புவது வீண்.

இவை எல்லாம் விலகிய பிறகே அலைன்மென்ட். சுமார் ஒரு டன் எடையுள்ள எம்எக்ஸ்-5இல் ஓட்டுநரின் எடையே வண்டியின் உயரத்தையும் கேம்பரையும் மாற்றும். அதனால் இருக்கையில் அந்த எடையை வைத்து அளப்பதே சரி. ஸ்பிரிங் மாற்றி வண்டியைத் தாழ்த்தியிருந்தால் பழைய அளவுத் தாள் செல்லாது. 2015இல் வந்த நான்காம் தலைமுறை எம்எக்ஸ்-5 முதல் ஸ்டீயரிங்குக்கு மின்மோட்டார் துணை செய்கிறது. அத்தகைய வண்டிகளில் டோவைத் திருத்தியதும் ஸ்டீயரிங் கோண சென்சாரின் நடுப்புள்ளி சரியாக இருக்கிறதா என்பதையும் பார்த்துவிட வேண்டும்.