ஆம்பூர் தோலும் எண்ணூர் சாம்பலும்

2021 பிப்ரவரியில் மெட்ரோ வந்த பிறகு எங்கள் விம்கோ நகருக்கும் பட்டணத்தில் ஒரு மதிப்பு வந்திருக்கிறது. ஆனாலும் வெளியூரிலிருந்து வருகிறவர்கள் கேட்கும் கேள்வி மட்டும் மாறவில்லை. "ஏன் சார் இத்தனை கன்டெய்னர் லாரி நிற்குது?" துறைமுகத்துக்குப் போகிற சரக்கு என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன். அந்தச் சரக்கைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுதலாம் என்று தோன்றியது.

பாரீஸில் இருக்கும் என் அக்கா பேரன் போன மாதம் போனில் பேசும்போது, "தாத்தா, எங்க ஊர்ல பெரிய கம்பெனி எல்லாம் பொருள் எங்கேருந்து வருது, அங்கே ஆளுங்களையும் ஆத்தையும் எப்படி நடத்துறாங்கன்னு பார்த்தே ஆகணும், சட்டமே இருக்கு" என்றான். நான் புதுச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். சட்டத்தை மூலத்திலேயே தேடிப் படித்தேன். 2017 மார்ச் 27 தேதியிட்டது, மிகவும் சிறியது. பிரான்சில் 5,000 பேர், அல்லது உலகம் முழுவதும் 10,000 பேர் வேலை செய்யும் கம்பெனிகளுக்குத்தான் பொருந்தும். அபராதப் பிரிவை அவர்களுடைய அரசியலமைப்பு மன்றமே நீக்கிவிட்டது. இதன் பெயர் 'தெவுவார் த விழிலான்ஸ்', அதாவது விழிப்பாக இருக்க வேண்டிய கடமை. எங்கள் பள்ளியில் வீட்டுப்பாடத்துக்கும் 'தெவுவார்' என்றுதான் சொல்வார்கள். வீட்டுப்பாடம் பாரீஸுக்குக் கொடுக்கப்பட்டது, எழுதுவது ஆம்பூர். இதுதான் என் வருத்தம்.

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை தோல் எப்படிப் பதனிடப்படுகிறது என்று அந்தப் பக்கம் உறவு உள்ளவர்களுக்குத் தெரியும். பச்சைத் தோல் கெடாமல் இருக்க உப்புப் போட்டு வரும். அந்த உப்பைக் கழுவ வேண்டும். பிறகு குரோமியம். எல்லாத் தண்ணீரும் ஒரு காலத்தில் பாலாற்றுக்குத்தான் போயிற்று. 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பில், தோல் பதனிடும் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுதாகவோ பாழாகிவிட்டதாக எழுதியிருக்கிறது. தொழிற்சாலை ஒன்றுக்கு 10,000 ரூபாய் அபராதம் போட்டார்கள். மாசு செய்தவரே செலவையும் ஏற்க வேண்டும் என்ற கொள்கையும் அந்தத் தீர்ப்பில்தான் உறுதிப்பட்டது. 2025 ஜனவரியில் அதே உச்ச நீதிமன்றம் அதே பாலாற்றைப் பற்றி மறுபடியும் தீர்ப்பு எழுதியது. நடுவில் 28 வருஷத்துக்கு மேல்!

இத்தனை வருஷமும் ஒன்றுமே நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டினார்கள். குரோமியத்தை ஓரளவு பிடித்தார்கள். உப்பைப் பிடிப்பதுதான் கஷ்டம். சவ்வு வழியே தண்ணீரைத் தள்ள வேண்டும், மிச்சத்தைக் காய்ச்சி ஆவியாக்க வேண்டும். இரண்டுக்கும் மின்சாரம் ஏராளமாக வேண்டும். கடைசியில் மிஞ்சுகிற கலப்பு உப்பை யாரும் வாங்குவதில்லை, கொட்டவும் இடமில்லை, கொட்டகையில் மூட்டை மூட்டையாக அடுக்கி வைக்கிறார்கள்.

அந்த மின்சாரத்தில் ஒரு பங்கு நம் வீட்டுக் கொல்லைப்புறத்தில் நிலக்கரி எரித்து வருவது. கரி கப்பலில் காமராஜர் துறைமுகத்துக்கு வருகிறது, அனல் மின் நிலையத்தில் எரிகிறது, சாம்பல் குழாய் வழியே போகிறது, குழாய் உடைகிற இடத்தில் கொசஸ்தலை ஆற்றில் படிகிறது. காட்டுக்குப்பத்து மீனவர்களைக் கேளுங்கள், ஆற்றின் ஆழம் எங்கே போயிற்று என்று சொல்வார்கள். பாலாற்று உப்பை எடுக்க எண்ணூர் ஆற்றில் சாம்பல் சேருகிறது என்றால் பாரீஸில் யார் நம்புவார்கள்? செருப்புக் கம்பெனியின் அறிக்கையில் ஆம்பூர் தண்ணீர் சுத்தம் என்றுதான் இருக்கும். அது பொய்யும் அல்ல.

ராணிப்பேட்டையில் 2015 ஜனவரி 31 அதிகாலை நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். சிப்காட்டில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் 10 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். ஊரைச் சுத்தமாக்கக் கட்டிய இடத்தில் போன உயிர்கள் அவை.

சான்றிதழ் விஷயத்துக்கு வருகிறேன். முப்பத்தைந்து வருஷம் அரசாங்கத்தில் கோப்பு தள்ளியவன் நான். 'நேரில் பார்வையிடப்பட்டது, திருப்தி' என்ற குறிப்பு எத்தனை விதமாகப் பிறக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். கராச்சியில் 2012 செப்டம்பரில் ஒரு துணித் தொழிற்சாலை எரிந்து 250-க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அந்தத் தொழிற்சாலைக்குச் சில வாரங்களுக்கு முன்புதான் சர்வதேசத் தரச் சான்று கிடைத்திருந்தது. அடுத்த ஏப்ரலில் டாக்கா ராணா பிளாசா இடிந்து ஆயிரத்து நூறு பேருக்கு மேல் போனார்கள். அதற்குப் பிறகுதான் பிரெஞ்சுக்காரர்களுக்கே இந்தச் சட்டம் தோன்றியது. தணிக்கைக்காரர் பெரிய கேட் உள்ள தொழிற்சாலைக்குப் போவார். ஆம்பூர்ப் பக்கம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து செருப்பின் மேல்பாகத்தை ஜோடிக்கு இத்தனை ரூபாய் என்று கையால் தைத்துக் கொடுக்கும் பெண்கள் எந்தப் பதிவேட்டில் இருக்கிறார்கள்? ஏஜென்ட் மூட்டை கொண்டுவருவார், தைத்ததும் எடுத்துப் போவார். பி.எஃப். கிடையாது, ஈ.எஸ்.ஐ. கிடையாது.

நான் முதலாளிக்கு வக்காலத்து வாங்குவதாகச் சிலர் நினைக்கலாம். இருபது ஆள் வைத்திருக்கும் சிறு பதனிடுகிறவரின் கணக்கைப் பாருங்கள். சுத்திகரிப்புக்குச் செலவு செய்தவர் விலையைக் கூட்டினால், வாங்குகிறவர் அடுத்த தேசத்துக்குப் போகிறார். கேள்வித்தாள் பாரீஸிலிருந்து வருகிறது. ஜோடிக்குக் கூடுதலாகக் காசு வருவதில்லை. திருப்பூரில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகள் அனைத்தையும் மூடச் சொன்னது. நொய்யலைப் பார்த்தால் தீர்ப்பு நியாயம். வேலை போன குடும்பங்களைப் பார்த்தாலும் நியாயம் வேறு மாதிரி தெரியும். பிறகு அரசாங்கம் வட்டியில்லாக் கடன் கொடுத்துச் சுத்திகரிப்பு நிலையங்களைத் தூக்கி நிறுத்தியது. வாங்கிய வெளிநாட்டுக் கம்பெனிகளும் அன்று அதே போலப் பங்கு கொடுத்திருக்க வேண்டும். கொள்முதல் ஒப்பந்தத்திலேயே சுத்திகரிப்புச் செலவு தனி வரியாக இருக்க வேண்டும் என்பேன். இல்லாவிட்டால் சட்டம் பத்து வந்தாலும் சுமை கீழேதான் இறங்கும். ஐரோப்பிய யூனியனும் 2024-ல் பெரிய சட்டம் ஒன்று நிறைவேற்றி, மறு வருஷமே அமலைத் தள்ளிப்போட்டுவிட்டது. அவர்களுடைய கம்பெனிகளுக்கே சுமை என்றார்களாம்!

லாரி வரிசைக்குப் பதில் இன்னும் சொல்லவில்லை. எண்ணூர்–மணலி சாலை மேம்பாட்டுத் திட்டம் என்று ஒன்று. தேசிய நெடுஞ்சாலை ஆணையம், தமிழக அரசு, சென்னைத் துறைமுகம், எண்ணூர்த் துறைமுகம் என்று நான்கு பேர் கூட்டு. நான்கு பேர் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டிய கோப்பு எத்தனை மேஜையில் தூங்கும் என்பது என்னைப் போன்ற குமாஸ்தாக்களுக்குத் தெரியும். சாலை அகலமானது, வரிசை முழுதாகக் குறையவில்லை. ஜீரோ கேட்டுக்குள் நுழைய டிரைவர்கள் மணிக்கணக்கில், சில நாள் ராத்திரி முழுக்க நிற்கிறார்கள். டீசல் புகை எங்கள் ஜன்னல் கம்பியில் படிகிறது. அவர்களுக்குக் குளிக்க, கழிப்பறை போக இடம் இல்லை. ஆம்பூரில் கிளம்பிய பெட்டி கப்பல் ஏறும்வரை அந்தப் புகையும் இந்த டிரைவரும் யாருடைய கணக்கிலும் வருவதில்லை. தொழிற்சாலை கேட்டைத் தாண்டினால் தங்கள் பொறுப்பு இல்லை என்கிறார்கள், கப்பலில் ஏறினால்தான் தங்கள் பொறுப்பு என்கிறார்கள்.

அக்கா பேரனுக்கு பிரெஞ்சில் ஒரு மெயில் எழுதியிருக்கிறேன். அவனுடைய கம்பெனியும் செருப்பு வாங்கி விற்கிறது. அவர்களுடைய விழிப்புத் திட்டத்தில் திருவொற்றியூர் சாலையில் லாரி நிறுத்துமிடமும் கழிப்பறையும் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று கேட்டிருக்கிறேன். மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறேன் என்று பதில் போட்டிருக்கிறான்.