நாற்றங்காலைக் காயவிடலாமா?

‘ஈராண்டுப் பட்டறிவு உடையாரே வருக’ என்று நிறுவனங்கள் விளம்புகின்றன. எல்லாரும் பட்டறிவைக் கேட்டு, ஒருவரும் அதனைத் தர முன்வாராராயின், அப் பட்டறிவுதான் எங்கே பிறக்கும்? நீரில் இறங்காமலே நீந்தப் பழகியவர் உலகில் உளரோ?

தமிழர் தொழில்மரபு இத்தகையதன்று. கொல்லன் உலைக்களத்தில் இளையவன் முதற்கண் துருத்தி ஊதினான். பின்னர்ச் சம்மட்டி பிடித்தான். மூத்தவன் கைபார்த்துத் தன் கை தேர்ந்தான். ஆளைத் தேர்ந்து வினையை ஒப்படைக்கும் முறைக்கென்றே திருக்குறளில் ‘தெரிந்துவினையாடல்’ என்னும் பகுதி அமைந்துள்ளது. தேர்தல் மட்டும் போதாது. நம்பி ஒப்படைத்தலும் வேண்டும்.

இந்திய நடுவணரசு 1961-இல் தொழிற்பழகுநர் சட்டம் இயற்றியது. 2019-இல் திருத்தப்பெற்ற நெறிமுறைகளின்படி, 30 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் நிறுவனம், தன் பணியாளர் தொகையில் நூற்றுக்கு 2.5 முதல் 15 வரை பழகுநரை அமர்த்துதல் வேண்டும். நல்லதே. ஆயினும், அச் சட்டம் பழகுநரைப் பயில்வோராகவே கருதுகின்றது; தொழிலாளராகக் கருதவில்லை. பயிற்சி முடித்தார் அனைவர்க்கும் வேலை தந்தே ஆகவேண்டும் என்றும் அது கட்டாயப்படுத்தவில்லை. இந் நெகிழ்ச்சியைக் குறைந்த கூலிக்கு ஆள்பிடிக்கும் வழியாக்கிக் கொண்டாரும் உளர். பொறியைத் தொடவிடாமல் சுமை தூக்கச் செய்வதும், காலம் முடிந்ததும் வெளியேற்றிவிட்டு வேறொருவரை அவ்விடத்தில் அமர்த்துவதும் பயிற்சி ஆகா; சுரண்டலே ஆகும்.

‘கற்றுக்கொண்டு வேறிடம் ஓடிவிடுகின்றனரே’ என்று தொழில் நடத்துவோர் குறைகூறுவர். மதிப்பும் உரிய ஊதியமும் கிடைக்குமிடத்தை விட்டு எளிதில் எவரும் நீங்கார். அவ்வாறு ஒருவர் நீங்கினும், அவர் கற்ற தொழில் நாட்டிலேதான் நிற்கும். பிறர் பழக்கிய கையைத் தாமும் பெறுகின்றவர், பிறர்க்கு ஒரு கையைப் பழக்கித் தருதல் கடனன்றோ?

ஆகவே, ஒவ்வோர் இளைஞர்க்கும் ஒரு மூத்த தொழிலாளரை வழிகாட்டியாக அமர்த்துக. முதற் பிழைக்கே இழித்துரைக்காமல், பிழை நேர்ந்தது எவ்வாறு என்று காட்டுக. பேசிய தொகையைத் திங்கள்தோறும் தவறாது தருக. தேர்ச்சி பெற்றார்க்கு, இடமுள்ளவரை நிலையான பணி நல்குக. மூத்தவர் ஓய்வுபெறும் நாளில் அவர்தம் கைத்திறனும் உடன் போய்விடாமல் காக்கும் வழி இஃதொன்றே.

நாற்றங்காலுக்கு நீர் பாய்ச்சாதவன், அறுவடை நாளில் அரிவாளொடு வந்து நின்று பயனென்ன?